எஸ்பிரெசோவுக்கு கிரைண்டர் வாங்கப் போறீங்களா, இதப் படிச்சிட்டு வாங்குங்க. என் அரை மாச சம்பளம் போச்சு

கோவம் இன்னும் அடங்கல, அதோடதான் டைப் பண்றேன், அங்கங்க தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. இப்பதான் அந்த கடைலேர்ந்து மெயில் வந்துச்சு, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது"ன்னு. யாரு தீர்த்தா? என்னத்த தீர்த்தா? முழுசா அரை மாச சம்பளம் கொடுத்து வாங்கின கிரைண்டர் இங்க கிச்சன் மேடைல தண்டமா நிக்குது.

கடை பேர் சொல்ல மாட்டேன், கேக்காதீங்க. ஆன்லைன்ல காபி சாமான் மட்டும் விக்கிற கடை, "நாங்களும் காபி பைத்தியங்கதான்"னு முகப்புலயே போட்டு வெச்சிருப்பாங்களே அந்த ரகம். எல்லாத்தையும் விக்கிற பெரிய தளத்துல வாங்கினா கேள்வி கேக்க ஆள் இருக்காது, இங்க விஷயம் தெரிஞ்சவங்க இருப்பாங்கன்னு நினைச்சுதான் போனேன்.

மெஷின் ஏற்கனவே இருக்கு, நல்ல மெஷின்தான். கிரைண்டர்தான் பழைய பிளேடு கிரைண்டர், அது அரைக்காது, வெட்டித்தான் போடும், பாதி மாவு பாதி நொய்யா வரும். எஸ்பிரெசோல 9 பார் அழுத்தத்துல தண்ணி இறங்குது, பொடில எங்க இளக்கம் இருக்கோ அந்த வழியா பிச்சுக்கிட்டு ஓடிரும், மிச்ச பொடி சும்மா கிடக்கும். அதனால பர், அதாவது பல் வெச்ச ரெண்டு வட்டு, நடுவுல பீன்ஸ அரைக்கற கிரைண்டர்தான் வேணும்னு தெளிவா இருந்தேன்.

வாங்கறதுக்கு முன்னாடி கடையோட சாட்ல நேராவே கேட்டேன், நான் அழுத்தம் கூட்டற பாஸ்கெட் (மெஷின்ல பொடி போடற கிண்ணம்) போட மாட்டேன், சாதா சிங்கிள் வால் பாஸ்கெட்தான், அதுக்கு வேண்டிய அளவு நைஸா அரைக்குமா, நைஸ்லயே கொஞ்சம் கொஞ்சமா மாத்த முடியுமான்னு. அந்தாளு வாய்ஸ் நோட்டே அனுப்பினார். "மேடம், என் வீட்லயும் இதேதான் இருக்கு, காலைல எந்திரிச்சா இதுல அரைச்சுதான் முதல் ஷாட், 40 செட்டிங் இருக்கு, கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க." அவ்ளோ தன்மையான குரல். கூடவே ஒரு வீடியோ. 18 கிராம் பொடி போட்டு 36 கிராம் காபி எடுக்கறார், 28 செகண்ட், தேன் ஒழுகற மாதிரி இறங்குது, மேல கெட்டியா கிரீமாங்கற நுரை. அதப் பாத்துட்டுதான் பணத்த கட்டினேன்.

வந்துச்சு. பாக்க நல்லா கனமா, பளபளன்னுதான் இருந்துச்சு. அரைச்சு ஷாட் எடுத்தா 36 கிராம் 10 செகண்ட்கூட தாங்கல, வெளுப்பா மளமளன்னு கொட்டுது, வாயில வெச்சா புளிப்பு. சரின்னு ஒரு கிளிக் இறக்கினா மெஷின் மொத்தமா அடைச்சுக்குது, சொட்டுகூட விழல. நடுவுல எதுவும் கிடையாது! 40 செட்டிங்ல எஸ்பிரெசோ பக்கம் வர்றதே ரெண்டுதான், ஒண்ணு கொட்டுது, ஒண்ணு அடைக்குது, மீதி 38-உம் ஃபில்டருக்கும் பிரெஞ்ச் பிரஸ்ஸுக்கும். இத வெச்சு எங்கேர்ந்து ஷாட் டைம சரி பண்றது? பொடிய விரல்ல தேச்சுப் பாத்தா மாவுக்கு நடுவுல நறநறன்னு துண்டு வேற.

அப்புறம் ஆரம்பிச்சது பாருங்க கூத்து.

முதல்ல பீன்ஸ் பழசா இருக்கும்னாங்க. புதுசா வறுத்தது, பாக்கெட்ல வறுத்த தேதியோட போட்டோ அனுப்பினேன். அப்ப டேம்ப், அதாவது பொடிய அமுக்கறது, சரியில்லன்னாங்க. டேம்ப் பண்றதையும் வீடியோ எடுத்து அனுப்பினேன். உடனே "மேடம், புது பர் சீசன் ஆகணும், சில கிலோ அரைங்க, தானா செட் ஆகிடும்"னு ஒரு பதில். புது பர் அரைக்க அரைக்க கொஞ்சம் மாறும்ங்கறது உண்மைதான், அதனாலதான் அது கேக்க நியாயமா பட்டுச்சு. ஆனா கிளிக்குக்கும் கிளிக்குக்கும் நடுவுல இருக்கற இடைவெளி எத்தன கிலோ அரைச்சாலும் குறையாதுங்க, அது டயலோட அமைப்பு! அது அவங்களுக்குத் தெரியாதா? நான் இங்க பீன்ஸ காசு கொடுத்து வாங்கி அரைச்சு அரைச்சு குப்பைல கொட்டிக்கிட்டு இருக்கேன், அங்க ரிட்டர்ன் டைம் ஓடிக்கிட்டு இருக்கு. அது முடிஞ்சதும் அந்த தன்மையான ஆளையே காணோம். அதுக்கப்புறம் எது கேட்டாலும் "சர்வீஸ் டீம் உங்களைத் தொடர்புகொள்ளும்"தான்.

தொடர்புகொண்ட சர்வீஸ் டீம் என்ன சொல்லுச்சு தெரியுமா, பர்ருக்கு அடியில வைக்க மெல்லிசா வாஷர் இருக்கு, வாங்கிப் போடுங்க, அதுக்கு தனியா காசுன்னு. அரை மாச சம்பளம் வாங்கினது பத்தல!

சரி, பர் நேரா உக்காந்திருக்கான்னு நானே சோதிச்சுப் பாத்தேன். மேல் பர்ர கழட்டி, ஓரத்துல போர்டு மார்க்கர் தடவி, திரும்ப மாட்டி, பிளக்க பிடுங்கிட்டு, ரெண்டு பர்ரும் லேசா உரசற வரைக்கும் கொண்டுவந்து கையால சுத்தினேன். தட்டை பர் நேரா உக்காந்திருந்தா சுத்திவர மை அழியணும். இதுல ஒரு பக்கம் சுத்தமா வழிச்சு எடுத்திருக்கு, எதிர்ப்பக்கம் மை அப்படியே இருக்கு. கோணலா உக்காந்திருக்கு, அதான் மாவும் நொய்யும் சேந்து வருது. போட்டோ அனுப்பினா வந்த பதில், "பர்ரை பிரித்ததால் வாரன்டி செல்லாது." அவங்க கொடுத்த புக்லயே மேல் பர்ர கழட்டி பிரஷ்ஷால கிளீன் பண்ணச் சொல்லி படம் போட்டிருக்கு! அந்த பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதுக்குதான் இப்ப புகார மூடிட்டாங்க.

இன்னொண்ணு. அந்த வீடியோவ நேத்து நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். கடைசில சக்கைய தட்டறப்ப பாஸ்கெட் ஒரு செகண்ட் திரும்புது. அடியில ஒரே ஒரு ஊசி ஓட்டை! சாதா பாஸ்கெட்னா சல்லடையா இருக்கணும். அது அழுத்தம் கூட்டற பாஸ்கெட், அந்த ஒத்த ஓட்டையே தடுத்து நிறுத்தும், எப்படி அரைச்சாலும் ஓரளவு மெதுவா இறங்கும், நுரையும் கட்டும். நான் எத போட மாட்டேன்னு எழுதிக் கேட்டேனோ அதையே போட்டு எடுத்து எனக்கே அனுப்பியிருக்கான்.

எப்படி பாத்து வாங்கணும்னு விரிவா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப பொறுமை இல்ல. செட்டிங் எத்தனைன்னு பாக்காதீங்க, ஸ்டெப்லெஸ்ஸான்னு (கிளிக்கே இல்லாம எங்க வேணா நிறுத்தற டயல்) கேளுங்க, இல்ல கிளிக் ரொம்ப பொடிசா இருக்கான்னு பாருங்க. வீடியோ அனுப்பினா அடி திறந்த போர்ட்டாஃபில்டர்ல (பாஸ்கெட்ட மாட்டற கைப்பிடி, அடி திறந்திருந்தா ஓட்டை தெரியும்), சாதா பாஸ்கெட்ல எடுத்தது வேணும்னு சொல்லுங்க. சீசன் ஆகட்டும்னு சொன்னா அன்னைக்கே ரிட்டர்ன் போடுங்க. காசு கம்மின்னா கையால சுத்தற கிரைண்டர், மோட்டாருக்கு போற காசு பர்ருக்கு போகும்.

கார்டு கொடுத்த பேங்க்ல டிஸ்பியூட் போட்டிருக்கேன், சாட், வாய்ஸ் நோட், வீடியோ எல்லாம் சேத்து. இதே மாதிரி ரிட்டர்ன் டைம் முடியற வரைக்கும் இழுத்தடிச்சு ஏமாத்தினாங்கன்னா உங்க சாட்டையும் அழிக்காம வைங்க, எனக்கு எழுதுங்க, சேந்தே புகார் கொடுக்கலாம்.