கைப்பொட்டு: சர்க்கரை சென்சாருடன் பதினொரு மாதங்கள்

நேற்று இரவு பத்தேகாலுக்குப் படுத்தேன். காலை ஐந்தரைக்குப் பால்காரர் மணியடித்தபோதுதான் விழித்தேன். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளையை வளர்க்கும் ஒரு தாய்க்கு இந்த இரண்டு வரிகளின் அருமை தெரியும். அவளை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஐந்து வயதில் நோய் தெரிந்தது. ஓயாத தாகம், படுக்கையை நனைத்தல், இரண்டே வாரத்தில் மூன்று கிலோ எடைக் குறைவு. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் இருந்துவிட்டு, இன்சுலின் பேனா, குளுக்கோமீட்டர், ஒரு நோட்டு இவற்றோடு கோவில்பட்டிக்குத் திரும்பினோம். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறை விரலில் குத்தினோம். மூன்று ஆண்டுகளில் ஆறாயிரத்துக்கும் மேல். அவளுடைய மோதிர விரலின் ஓரம் காய்ப்பேறிப் போயிருந்தது. இரவு பதினொன்றுக்கு ஒன்று, பின்னிரவு மூன்று மணிக்கு ஒன்று. டார்ச் வெளிச்சத்தில் நான் அருகில் போய் உட்கார்ந்தால் அவள் கண் விழிக்க மாட்டாள். போர்வைக்குள்ளிருந்து விரல் மட்டும் தானாக வெளியே வரும். தூக்கத்திலேயே விரலை நீட்டப் பழகிவிட்ட குழந்தை. அந்தக் காட்சியை மறப்பதற்காகவே இந்தக் கருவிக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்று சில நாள் தோன்றும்.

சென்ற ஆண்டு எங்கள் மருத்துவர் சென்சாரைப் பற்றிச் சொன்னார். தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி என்பது முழுப் பெயர். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய, தடித்த வெள்ளை வில்லை. மேல்கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும். அதன் அடியிலிருந்து தலைமுடி போன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கும். பதினான்கு நாள் அங்கேயே இருந்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை சர்க்கரை அளவைப் போனுக்கு அனுப்பும். என் மாமியார் முதல் நாளே அதற்குப் "பொட்டு" என்று பெயர் வைத்துவிட்டார். "பாப்பா, பொட்டு இப்போது என்ன சொல்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆச்சி இட்லித் தட்டை எடுப்பார்.

இந்தியாவில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் சென்சார்கள் கிடைக்கின்றன. நான் சொல்லப்போவது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால் பெயர் சொல்லவில்லை.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு ஆண்டுதோறும் பெனிடிக்ட் சோதனை செய்ய வைப்பேன். நீலக் கரைசலில் குளுக்கோஸைச் சேர்த்துச் சூடாக்கினால் செங்கல் சிவப்பு நிற வீழ்படிவு வரும். ஒரு காலத்தில் சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இதையேதான் செய்தார்கள். சிறுநீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, பெனிடிக்ட் கரைசலோடு கொதிக்க வைத்து, நிறத்தைப் பார்த்துச் சர்க்கரையை ஊகித்தார்கள். அந்த நிறம் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையைத்தான் சொல்லும். சென்ற ஜனவரியில் ஆய்வகத்தில் ஒரு மாணவியின் குழாய் சிவந்துகொண்டிருந்தபோது மேசைமேல் இருந்த என் போன் அதிர்ந்தது. 241, மேல்நோக்கி அம்பு. சர்க்கரை கூடுதல், இன்னும் ஏறுகிறது என்று பொருள். நான்கு கிலோமீட்டர் தள்ளி நான்காம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் என் மகளின் திசுநீரில், அதாவது தோலுக்கடியில் செல்களைச் சுற்றியுள்ள நீரில், அந்த நிமிடம் ஓடிய குளுக்கோஸ் அது. ஒரு கையில் சோதனைக் குழாய், மறு கையில் போன். ஒரு நூற்றாண்டு வேதியியல் என் இரண்டு கைகளுக்கு நடுவே இருந்தது. மாணவிகளிடம் அன்று பாடத்தை நிறுத்திவிட்டு இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

உள்ளே நடப்பது எளிமையானது. அந்த இழையில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசப்பட்டிருக்கிறது. அது குளுக்கோஸை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அந்த வினை மின்வாயில் மிக நுண்ணிய மின்னோட்டமாகப் பதிவாகிறது. சர்க்கரை கூடினால் மின்னோட்டம் கூடும். இந்த யோசனையை 1962இல் அமெரிக்காவில் லீலாண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் முன்வைத்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆர்னால்ட் காதிஷ் என்ற மருத்துவர், சர்க்கரையை அளந்து தானே இன்சுலின் செலுத்தும் கருவியொன்றைச் செய்தார். அது ராணுவ வீரர் முதுகில் சுமக்கும் மூட்டையளவு இருந்தது. உடம்புக்குள் ஒரு கண்ணை வைத்துவிட்டு ஊருக்கு அப்பாலிருந்து பார்ப்பது அப்போது வெறும் அறிவியல் புனைகதை. இன்று அது ஒரு சிறுமியின் சீருடைக் கைக்குள் மறைந்துவிடுகிறது.

கருவியின் உண்மையான பரிசு எண் இல்லை, அம்பு. விரலில் குத்தினால் 110 என்று வரும். நல்ல எண். நிம்மதியாக விளக்கை அணைப்போம். ஆனால் 110 சமமான அம்போடு வருவது வேறு, செங்குத்தாகக் கீழ்நோக்கிய அம்போடு வருவது வேறு. இரண்டாவது வந்தால் இருபது நிமிடத்தில் அவள் கை நடுங்கத் தொடங்கும். மூன்று ஆண்டுகளாக இந்த இரண்டு 110களையும் ஒன்றாகவே நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பழைய நோட்டைப் புரட்டும்போது இப்போதும் வயிறு கலங்குகிறது.

சாப்பாட்டைப் பற்றியும் நாங்கள் நினைத்திருந்தது பாதி தவறு. நெய் மிதக்கும் பொங்கல் சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது எண் நன்றாகவே இருக்கும். வரைகோட்டில் பார்த்தால்தான் தெரிகிறது, அது மெல்ல ஏறி நான்கு மணி நேரம்வரை இறங்காமல் நிற்கிறது. இட்லி நேர்மாறு: விர்ரென்று ஏறி, அதே வேகத்தில் இறங்கும். சாப்பிட உட்காரும்போது இன்சுலின் போடுவதற்கும், மருத்துவர் சொன்னபடி பதினைந்து நிமிடம் முன்னால் போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே வாரத்தில் கண்ணால் பார்த்தேன். அவர் மூன்று ஆண்டுகளாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கோடு காட்டியபிறகுதான் எங்கள் வீட்டில் அது பழக்கமானது.

கடலை மிட்டாய் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஊர்ப் பெருமை அது. 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சர்க்கரை தாழ்ந்தால் ஆச்சியின் கை முதலில் போவது மிட்டாய் டப்பாவுக்குத்தான். ஒரு ஞாயிறு மாலை ஓடி விளையாடிவிட்டு வந்தவளுக்கு 64. ஆச்சி இரண்டு துண்டு கொடுத்துவிட்டார். கோடு அசையவே இல்லை. ஏறத் தொடங்க அரை மணி நேரத்துக்கும் மேலானது. நிலக்கடலையில் உள்ள கொழுப்பு வெல்லத்தின் வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது. குளுக்கோஸ் தூளைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் பதினைந்து நிமிடத்தில் கோடு நிமிர்ந்துவிடும். நான் வாயால் சொல்லிக் கேட்காத ஆச்சி, அந்தக் கோட்டைப் பார்த்த நாளிலிருந்து மடியில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்துக்கொள்கிறார்.

குறைகளுக்கு வருகிறேன். புதிதாக வாங்குபவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, திசுநீரை. ரத்தத்தில் நடப்பது அங்கே ஐந்து, பத்து நிமிடம் கழித்துத்தான் தெரியும். சர்க்கரை வேகமாக மாறும்போது இந்த இடைவெளி ஆபத்தானது. இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் 58 என்று வந்தது. குளுக்கோஸ் கொடுத்தேன். பத்து நிமிடம் கழித்தும் 57. பயந்துபோய் இன்னொரு டம்ளர் கொடுத்தேன். அதற்குள் ரத்தத்தில் ஏறியிருந்ததைச் சென்சார் அறியவில்லை. ஒரு மணி நேரத்தில் 290. குளுக்கோஸ் கொடுத்த பிறகு விரலில் குத்தித்தான் பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். குத்துவதற்கு முன் கையைக் கழுவித் துடையுங்கள். விரலில் ஒட்டியிருக்கும் இனிப்புத் துளியே எண்ணை ஏற்றிக் காட்டிவிடும்.

இன்னொன்று, இரவில் வரும் பொய் அலாரம். பின்னிரவு இரண்டு மணிக்கு 52 என்று போன் அலறியது. எழுந்து ஓடினால் அவள் சென்சார் உள்ள கையை அடியில் வைத்து ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். விரலில் குத்தினால் 121. உடல் எடை அழுத்தும்போது அந்த இடத்தில் திசுநீர் ஓட்டம் குறைந்து சென்சார் தவறாகத் தாழ்த்திக் காட்டுகிறது. சரிவு படிப்படியாக இல்லாமல் கிணற்றில் கல் விழுந்ததுபோல இருந்தால் முதலில் குழந்தை எப்படிப் படுத்திருக்கிறது என்று பாருங்கள். ஆனால் குத்திப் பார்க்காமல் எதையும் பொய் என்று முடிவு செய்யாதீர்கள். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புகளைத் தூக்கிப்போடும் எண்ணம் வேண்டவே வேண்டாம். ஒட்டிய முதல் நாளில் எண்கள் கொஞ்சம் தடுமாறும் என்பதால் அன்று கூடுதலாகவே குத்துகிறோம்.

பசை நம் ஊர் வெயிலுக்குச் செய்ததில்லை. ஏப்ரல், மே மாதங்களில் வியர்வையில் ஓரம் கிளம்பிவிடும். மேலே ஒரு பட்டை ஒட்ட வேண்டும். சாதாரணக் குளியல் பிரச்சினை இல்லை. எண்ணெய்க் குளியல்தான் எதிரி. தீபாவளிக்கு முதல் நாள் ஒட்டிய புது சென்சார், நல்லெண்ணெய் வழிந்து மறுநாள் காலையே கையோடு வந்துவிட்டது. அவள் அழுதாள், நானும்தான். இப்போது எண்ணெய்க் குளியலைச் சென்சார் மாற்றும் நாளுக்குத் தள்ளி வைத்துவிடுகிறோம். ஒரு சென்சார் ஒன்பதாம் நாளே நின்றுபோனது. வரிசை எண்ணோடு புகார் செய்ததும் வேறொன்று அனுப்பினார்கள். அதனால் பெட்டியைப் பதினான்கு நாளும் பத்திரமாக வைத்திருங்கள்.

பள்ளியில் போனுக்கு அனுமதியில்லை. மருத்துவரின் கடிதத்தைக் காட்டிப் பேசினோம். பழைய போன் ஒன்று அவள் பையின் பக்கவாட்டு உறையில் இருக்கும். விளையாட்டு நேரத்தில் அவள் மைதானத்துக்கு ஓடிவிட்டால் தொடர்பு விடுபடும். திரும்பி வந்து பைக்கருகில் உட்கார்ந்ததும் விடுபட்ட பகுதியைச் சென்சார் நிரப்பிவிடும். ஒன்று மட்டும் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து பார்க்க முடிகிறதே என்று ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பள்ளிக்குப் போன் செய்யாதீர்கள். முதல் மாதம் நான் அப்படிச் செய்தேன். ஒரு நாள் மகள் கேட்டாள்: "அம்மா, என்னைப் பார்க்கிறீர்களா, இல்லை பொட்டைப் பார்க்கிறீர்களா?" அதன் பிறகு 70க்குக் கீழ் போனால் மட்டும் ஆசிரியைக்குத் தகவல் என்று வைத்துக்கொண்டேன். மாலையில் அவள் வீட்டுக்கு வந்ததும் போனைப் பார்ப்பதில்லை. முதலில் என்ன விளையாடினாள் என்று கேட்கிறேன்.

விலைதான் மனத்தை அறுக்கிறது. நாங்கள் ஒரு சென்சாருக்கு ஏறத்தாழ 4,900 ரூபாய் கொடுக்கிறோம். இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஆண்டுக்கு 26. கணக்குப் போட்டால் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டுகிறது. ஸ்ட்ரிப் செலவில் பாதி குறைந்தது என்றாலும் ஈடாகாது. நானும் கணவரும் சம்பளக்காரர்கள். நகைச் சீட்டை நிறுத்திவிட்டுச் சமாளிக்கிறோம். மருத்துவரின் அறைக்கு வெளியே தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகும் ஒரு பெண்ணைப் பார்ப்பேன். அவர் மகனுக்கும் டைப் 1. அவர் இன்னும் மூன்று மணிக்கு அலாரம் வைக்கிறார். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டபோது அதுவும் எட்டாத அதிசயமாகத்தான் இருந்திருக்கும். இன்று அரசு மருத்துவமனையில் இன்சுலின் வாங்க முடிகிறது. சென்சாரும் அந்த ஜன்னலில் கிடைக்க வேண்டும். குறைந்தது குழந்தைகளுக்காவது. இதைச் சம்பந்தப்பட்டவர்களிடம் மனுவாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தொடர்ந்து வாங்க முடியாதவர்கள் மூன்று மாதத்துக்கு ஒன்று ஒட்டிப் பார்க்கலாம். பதினான்கு நாள் கோட்டை வைத்து மருத்துவர் அளவுகளைத் திருத்திக் கொடுப்பார். எங்களுக்கு முதல் சென்சாரிலேயே இரவு இன்சுலின் அளவு மாறியது. மூன்று மணித் தாழ்வுகள் பெரும்பாலும் அதோடு நின்றன. சென்சாரும் இன்சுலின் செலுத்தும் பம்பும் பேசிக்கொண்டு தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் முறைக்கு 2016இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. அதன் விலை லட்சங்களில் என்பதால் இப்போதைக்கு எங்கள் பேச்சில் அது இல்லை.

இன்று பதினான்காம் நாள். காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்தது. பழைய பொட்டு ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தொட்டதும் வலிக்காமல் கழன்று வந்தது. அடியில் வட்டமாக வெளுத்த தோல். இந்த முறை இடது கை. அவளே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி அழுத்திக்கொண்டாள். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சென்சார் தயாராக ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் ஆச்சி மூன்று முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். 11.20க்கு முதல் எண் வந்தது. 132, அம்பு சமமாக.