முருங்கையிலைத் தூள்: கஞ்சிக்கு நல்லது, பொதியிலுள்ள வாக்குறுதி தவறு

யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் 100 கிராம் முருங்கையிலைத் தூளை 450 ரூபாவுக்கு வாங்கி, மூன்று வாரங்களாக வீட்டில் பயன்படுத்தி வருகிறேன். தூள் நல்ல பச்சை நிறம்; மண் கடிபடவில்லை. இலைக்கஞ்சி இறக்கும் நேரத்தில் ஒரு தேக்கரண்டி கலந்து தேசிக்காய்ப் புளி விட்டால், கைப்புத் தெரிவதில்லை. குரக்கன் புட்டுக்கு மா குழைக்கும்போது சேர்த்தாலும் பிள்ளைகள் மறுக்காமல் உண்கிறார்கள். உணவுப் பொருளாக இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

ஆனால் பொதியின் பின்புறத்தில், இத்தூள் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் தடுக்கும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதை எனக்கு அறிமுகப்படுத்திய மச்சாளுக்கு வயது முப்பத்தாறு. "நான் இதை ஒவ்வொரு நாளும் குடிக்கிறன், இனிக் கிளினிக்குக்கு ஏன் மச்சாள்?" என்று அவர் கேட்டதால்தான் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

அந்த வரி முழுக் கற்பனை என்று சொல்லமாட்டேன். கீரையிலுள்ள போலேற்று, அதாவது கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் போலிக் அமில மாத்திரையின் இயற்கை வடிவம், கலங்கள் பிரியும்போது மரபணுப் பொருள் பிழையின்றி உருவாகவும் பழுதுபட்டால் திருந்தவும் தேவைப்படுகிறது. கருப்பைக் கழுத்தின் மேற்பரப்புக் கலங்கள் ஓயாமல் புதுப்பிக்கப்படுபவை என்பதால், அங்கே இச்சத்தின் குறைபாடு பாதிப்பை ஏற்படுத்தக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். போலேற்று, கரோட்டின், விற்றமின் சி ஆகியவற்றைப் போதியளவு பெறும் பெண்களிடம் இந்நோயும் அதற்கு முன்னர் கலங்களில் தோன்றும் மாற்றங்களும் குறைவாகக் காணப்படுவதாகப் பல அவதானிப்பு ஆய்வுகள் கூறியுமுள்ளன. எனினும், ஏற்கெனவே மாற்றம் கண்ட பெண்களுக்குப் போலிக் அமிலத்தையும் பீற்றா கரோட்டினையும் மாத்திரைகளாகக் கொடுத்துப் பார்த்த பரிசோதனைகளில் தெளிவான பயன் கிடைக்கவில்லை. கீரையும் பழமும் உண்பவர்கள் பெரும்பாலும் புகைக்காதவர்களாகவும் பரிசோதனைக்கு ஒழுங்காகச் செல்பவர்களாகவும் இருப்பதால், உணவின் பங்கை மட்டும் பிரித்தறிவது கடினம்.

இந்நோய்க்கு அடிப்படைக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ், அதன் 16, 18 ஆகிய இரு வகைகளே ஏறத்தாழ 70 சதவீதமான புற்றுக்களுக்குப் பொறுப்பு. பெரும்பாலான பெண்களின் உடல் இத்தொற்றை இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே நீக்கிவிடுகிறது. நீங்காமல் தங்கிவிட்டால், அது புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் எடுக்கும். நல்ல உணவு துணைபுரியுமென்றால், உடல் தொற்றை எதிர்த்து நிற்கும் அந்தக் கட்டத்தில்தான் புரியக்கூடும். தங்கிவிட்ட தொற்றால் மாறிய கலங்களை ஒரு தேக்கரண்டித் தூள் திருத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

தூளாக்கும் முறையையும் கவனிக்க வேண்டும். விற்றமின் சியும் போலேற்றும் வெப்பத்தாலும் வெளிச்சத்தாலும் சிதைபவை. இலையை நிழலில் உலர்த்தினார்களா, வெயிலில் உலர்த்தினார்களா என்றோ, எந்த நாளில் அரைத்தார்கள் என்றோ பொதியில் இல்லை. திருநெல்வேலிச் சந்தையில் காலையில் வாங்கிய முருங்கையிலையைத் தேங்காய்ப்பூவுடன் கனநேரம் வேகவிடாமல் வறையாக்கினால், அல்லது வல்லாரையைப் பச்சையாகச் சம்பலாக்கினால், அந்தச் சத்துக்கள் கூடுதலாக எஞ்சும். இலை கிடைக்காத நாளுக்குத் தூள் போதும்.

மச்சாளிடம் நான் சொன்னது இதுதான்: 35 வயதை எட்டிய பெண்கள் பப் பரிசோதனை, அதாவது கருப்பைக் கழுத்திலிருந்து சில கலங்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ளவே, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் சுகவனிதையர் கிளினிக்குகள் இலவசமாக நடைபெறுகின்றன. கலங்களில் ஏற்படும் மாற்றம் வலியோ குருதிப்போக்கோ தருவதற்கு முன்னரே அப்பரிசோதனையில் தெரியும். அந்த நிலையில் எளிதாகக் குணப்படுத்தலாம். ஆறாம் வகுப்பில் படிக்கும் அவரது மகளுக்குப் பாடசாலையில் எச்.பி.வி. தடுப்பூசி போடுவார்கள், 2017ஆம் ஆண்டு முதல் அது தேசியத் திட்டத்தில் உள்ளது. அதற்குச் சம்மதம் கொடுப்பது, எந்தப் பொதியையும் வாங்குவதைவிட அவசியமானது. குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு, அடுத்த கிளினிக் நாளுக்கு இருவரும் பெயர் கொடுத்துவிட்டோம்.

தயாரிப்பாளரிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. அரைத்த நாளையும் உலர்த்திய முறையையும் பொதியில் அச்சிடுங்கள். புற்றுநோய் பற்றிய அந்த வரியை நீக்குங்கள். அது நீங்கும்வரை, இத்தூளை வாங்கித் தரும்படி கேட்பவர்களுக்குச் சந்தையிலிருந்து பச்சை இலையையே வாங்கிக் கொடுப்பேன்.