கையிருப்பு மென்பொருளும் வன்னிக் கடையும்: சில வருடப் பயன்பாட்டின் பிறகு

ஒட்டுசுட்டானில் பலசரக்குக் கடை திறக்கவிருக்கும் நண்பர், இப்போது விலை குறைந்திருக்கும் இந்த மென்பொருளை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். புதுக்குடியிருப்பில் உள்ள எங்கள் கடையில் அதைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறோம். பில் போடுவதிலும் பார்கோட் வாசிப்பதிலும் குறை சொல்ல எதுவுமில்லை. 479 என்று தொடங்கும் இலங்கைக் குறியீடுள்ள பொதிகளை உடனே இனங்காணும். குறியீடே இல்லாத கருவாட்டுக்கும் பனங்கட்டிக்கும் நாமே அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

என் கோபமெல்லாம் 'கொள்வனவுப் பரிந்துரை' என்ற பகுதியின் மேல்தான். நாளாந்த விற்பனையைச் சரக்கு வந்துசேர எடுக்கும் நாட்களால் பெருக்கி, அதனுடன் எதிர்பாராத தாமதத்துக்கென ஒதுக்கிவைக்கும் பாதுகாப்புக் கையிருப்பையும் கூட்டினால், எந்த அளவுக்குக் குறைந்ததும் ஒரு பொருளை மீண்டும் எடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். இந்த மென்பொருளோ, அந்த நாட்களைக் குறிப்பதற்கு முழுக் கடைக்கும் ஒரேயொரு கட்டத்தைத்தான் தருகிறது. பாண் பக்கத்துப் பேக்கரியிலிருந்து தினமும் விடியவே வந்துவிடும். பால்மாவை ஏற்றிய வவுனியா முகவரின் லொறியோ ஏ9 வீதியால் வந்து, மாங்குளத்தில் திரும்பி, வாரத்தில் ஒரு தடவைதான் எங்களை வந்தடையும். நாளொன்றுக்குப் பத்துப் பைக்கற் பால்மா விற்கும் கடையில் 2 நாள் என்று இட்டால், பாதுகாப்புக் கையிருப்பைச் சேர்க்காமல் பார்த்தால், இருபது பைக்கற்றாகக் குறையும்வரை அது வாய் திறக்காது. 7 நாள் என்று இட்டாலோ, ஒரு வாரத்துப் பாணை இன்றே வாங்கச் சொல்லும். கார்த்திகை மழையில் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் அந்த 7 நாளும் போதாது.

விற்பனையைக் கணிக்கும் முறையும் எங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை. கடந்த முப்பது நாட்களின் சராசரியை மட்டுமே அது பார்ப்பதால், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கற்பூரமும் சர்க்கரையும் அள்ளுண்டு போனபின், கோயில் வீதி வெறிச்சோடிய ஆனி மாதத்திலும் அதே அளவுக்குக் கற்பூரம் எடுக்கச் சொல்கிறது. மாரி மழையை நம்பி விதைக்கும் காலபோக நெல் அறுவடையின் பின் வயற்காரரின் கையில் பணம் புழங்கும் வாரங்களுக்கும் இதே கதிதான்.

காலாவதித் திகதியில் மட்டும் இதற்கு நிகரில்லை. தொகுதிவாரியாகத் திகதியைப் பதிந்துவிட்டால், முடிய ஒரு மாதம் இருக்கும்போதே அந்தப் பொருளை மஞ்சள் நிறத்தில் காட்டும். திகதி கடந்தால் திருப்பி எடுக்காத முகவர்களிடம் அதற்கு முன்பே கொடுத்துவிடலாம். பிஸ்கட்டில் நாங்கள் இழந்துவந்த காசை இந்த ஒரு வசதி மிச்சப்படுத்தியிருக்கிறது.

ஆனாலும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். விநியோக நாட்களைப் பொருளுக்குப் பொருள் வேறாகக் குறிக்கும் வசதி புதிய பதிப்பில் வந்துவிட்டதா என்று செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். இல்லையென்றால், பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.