வீட்டில் செய்த வேக்குவம் ஃபார்மிங் இயந்திரம்: குன்னூரில் நான்கு ஆண்டு அனுபவம்

சூட்டில் இளகிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின் மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால், தகடு அச்சின் வடிவத்தை அப்படியே பற்றிக்கொள்ளும். வேக்குவம் ஃபார்மிங் என்பது இவ்வளவுதான். மலை ரயில் மாதிரிகள் செய்யும் பொழுதுபோக்குக்காக இதற்கான இயந்திரம் ஒன்றை நான்கு ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் கொட்டகையில் செய்துகொண்டேன். அப்போது ஆன செலவு 3,500 ரூபாய்; பிறகு பழுது நீக்கவும் மாற்றங்கள் செய்யவும் ஏறக்குறைய அதே தொகை மீண்டும் ஆனது.

உறிஞ்சுவதற்குப் பழைய வேக்குவம் கிளீனர் ஒன்றையும், சூடாக்குவதற்கு இவ்வூர் வீடுகளில் சாதாரணமாகக் கிடக்கும் குவார்ட்ஸ் ரூம் ஹீட்டர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். ஹீட்டரை அப்படியே மல்லாத்தி வைத்தால் போதும் என்று எண்ணியிருந்தேன். சாய்ந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் அதன் அடியில் இருப்பது மல்லாத்திய பிறகே தெரிந்தது. எனவே 400 வாட் குழல்கள் நான்கையும் கழற்றி, எர்த் கொடுத்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டுப் பெட்டிக்குள் பொருத்தி, 16 ஆம்பியர் பிளக்கில் இணைத்தேன். அச்சு உட்காரும் மேடையில் 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 2 மில்லிமீட்டர் துளைகள் இட்டு, காற்று கசியாதிருக்கச் சுற்றிலும் கதவிடுக்கில் ஒட்டும் ஃபோம் டேப்பை ஒட்டினேன். மேடையை மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் செய்தது என் தவறு. குன்னூரில் மழை கனத்துப் பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அது ஊறி உப்பி, ஃபோம் டேப்பைத் தூக்கிவிட்டது. இப்போது இருப்பது ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்.

முதல் ஆண்டு முழுவதும் என்னைக் குழப்பியது வேறொன்று. சமவெளியில் இருக்கும் நண்பர்கள் இதே அமைப்பில் கூர்மையான விளிம்புகளை எடுக்க, எனக்கு மட்டும் மூலைகள் மழுங்கியே வந்தன. தகட்டை அச்சோடு சேர்த்து அழுத்துவது கிளீனர் அல்ல, வெளியே இருக்கும் காற்றுதான் என்பதை நான் யோசிக்கவில்லை. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரின் மேல் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாக அழுத்தும் காற்று, சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காற்றின் அடர்த்தி குறைவதால் கிளீனரின் விசிறி உண்டாக்கும் உறிஞ்சுவிசையும் கிட்டத்தட்ட அதே கணக்கில் குறைகிறது. மேட்டுப்பாளையம் காயலான் கடையில் வாங்கிய லாரி ஏர் டேங்க்கையும், மெக்கானிக் முறையாக வாயுவை எடுத்துத் தந்த பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரையும் சேர்த்த பிறகே இது தீர்ந்தது. கம்ப்ரசர் டேங்க்கிலிருக்கும் காற்றை முன்கூட்டியே உறிஞ்சி வைத்துவிடும். முதலில் கிளீனர் பெரும்பகுதிக் காற்றை விரைவாக இழுத்துவிடும். உடனே அதன் வால்வை மூடி டேங்க்கின் வால்வைத் திறந்தால், இளகிய தகடு ‘டப்’பென்ற ஒலியோடு அச்சில் ஒட்டிக்கொள்ளும்.

எப்போது இழுப்பது என்பதைக் கடிகாரத்தைவிடத் தகடே நன்றாகச் சொல்கிறது. 1 மில்லிமீட்டர் ஹிப்ஸ் (எளிதில் உடையாத பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்) தகடு சூடேறும்போது முதலில் அப்பளம்போல நெளியும், பிறகு நெளிவு மறைந்து விறைப்பாகும், அதன் பின் நடுவில் தொய்யத் தொடங்கும். தகட்டைப் பிடித்திருக்கும் என் 30 சென்டிமீட்டர் சட்டத்தில் தொய்வு இரண்டு விரற்கடையை எட்டியதும் இறக்குகிறேன். இதற்கு ஆகும் நேரம் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. மாலையில் 230 வோல்ட் 190 ஆக இறங்கினால் 1,600 வாட் ஹீட்டர் 1,100 வாட்டுக்கும் குறைவாகவே தருகிறது. ஆகவே இரவு வேலையை விட்டுவிட்டேன்.

தகடுகளில் ஹிப்ஸே எனக்கு ஒத்துவந்தது. மூடுபனிக் காலத்தில் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொண்டு சூட்டில் கொப்புளிக்கிறது. பி.வி.சி. மலிவுதான், ஆனால் சூடு மீறினால் ஹைட்ரஜன் குளோரைடு புகையைக் கக்குவதால் மூடிய கொட்டகைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சில்வர் ஓக் கட்டையில் செதுக்கிய அச்சிலிருந்து ரயில் பெட்டிகளின் வளைந்த கூரைகள் இதுவரை அறுபதுக்கு மேல் எடுத்துவிட்டேன். பக்கங்களுக்கு நான்கைந்து டிகிரி சரிவு கொடுத்திருப்பதால் அச்சு தட்டினாலே கழன்று வருகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே ஓடும், ஏற்றத்தில் எஞ்சினின் பற்சக்கரம் பற்றிக்கொள்ளும் பல்சட்டத்தையும் இதிலேயே எடுக்க முயன்றது வீண் ஆசை. நெருக்கமான பற்களுக்கிடையே தகடு இறங்காமல் பாலம்போல நின்றுவிட்டது.

இரண்டாம் ஆண்டில் கிளீனரின் மோட்டார் கருகியது. உறிஞ்சும் காற்றே அந்த வகை மோட்டாரைக் குளிர்விக்கிறது. மேடை அடைபட்ட நிலையில் அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டியது என் பிழை. இப்போது பத்து விநாடியைத் தாண்டுவதில்லை. இன்றுவரை தீராத குறை, தகட்டின் முன்பக்க இடது மூலை தாமதமாக இளகுவதுதான். பெட்டிக்குள் அலுமினியத் தாள் ஒட்டியும் முழுதாகச் சரியாகவில்லை. நுட்பமான வேலைப்பாடு உள்ள பக்கத்தைப் பின்புறமாகத் திருப்பிவைத்துச் சமாளித்துவருகிறேன்.