கோர்ட் டிக்ரி நிஜம், ‘நிறைவேற்றுக் கட்டணம்’ பொய்: கொளத்தூரில் பறிபோன 46,800 ரூபாய்

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு. தீபாவளி ஆர்டருக்குத் துணி எடுக்க அக்கா சேர்த்து வைத்திருந்த தையல் கூலி. சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழரை மணிக்கு ஒருவன் வந்தான், எட்டு மணிக்குள் ரூ.46,800 போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், வரிசை முன்னப் பின்ன இருக்கும்.

வந்தவன் போலிக் காகிதத்தோடு வரவில்லை. அதுதான் இதில் விஷமே. தனியார் நிதி நிறுவனம் ஒன்றுக்காக வசூல் செய்யும் ஏஜென்சியின் ஆள் அவன். வாசலிலேயே செருப்பைக் கழற்றினான், உட்காரச் சொன்னதற்கு அப்புறம்தான் உட்கார்ந்தான். “நான் சொன்னா நம்பாதீங்கம்மா, நீங்களே செக் பண்ணிக்கோங்க” என்று அக்காவின் போனிலேயே இ-கோர்ட்ஸ் ஆப்பை இறக்க வைத்து, வழக்கு எண்ணைப் படித்துப் படித்துச் சொன்னான். திரையில் பிரதிவாதி என்ற இடத்தில் அக்காவின் பெயர், பழைய வியாசர்பாடி விலாசத்தோடு. கீழே, எக்ஸ் பார்ட்டி டிக்ரி, 2021. அதாவது பிரதிவாதி வராமலேயே கோர்ட் கொடுத்த தீர்ப்பாணை. அந்த நொடியில்தான் அக்கா அவனை நம்பினாள். நம்பாதே என்று சொல்லிவிட்டு நிஜத்தைக் காட்டுகிறவனை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

வழக்கு நிஜம். 2018-ல் வாங்கிய கடன், சில தவணை தவறியது, 2019-ல் வீடு மாறியது. சம்மன் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. ஆள் இல்லை என்று திரும்பினால் கதவில் ஒட்டுவார்கள், அதுவும் ஆகாவிட்டால் கோர்ட் அனுமதியோடு பேப்பரில் விளம்பரம். எந்தப் பேப்பரில் எந்த மூலையில் வந்தது என்று யார் பார்த்தார்கள்? பிரதிவாதி வரவில்லை, எக்ஸ் பார்ட்டி, டிக்ரி. இப்படித் தன் பெயரில் டிக்ரி இருப்பது தெரியாமலேயே இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. டிக்ரிக்கு ஆயுள் 12 வருஷம். அதுவரை எப்போது வேண்டுமானாலும் நிறைவேற்று மனு, அதாவது இ.பி. போடலாம்.

ஆனால் அவன் டிக்ரிப் பணத்தைக் கேட்கவில்லை. “அசலை மெதுவாத் தவணையில கட்டிக்கலாம்மா, இப்ப வாரண்ட்டை நிறுத்தறதுக்கு இந்தக் கட்டணம் மட்டும்” என்று லேமினேட் செய்த ஒரு தாளை நீட்டினான். முதல் நிலைக் கட்டணம் 7,500. இரண்டாம் நிலைக் கட்டணம் 18,000. அமீனா (ஜப்திக்கு வரும் கோர்ட் ஊழியர்) வருகை மூன்று முறை, தலா 2,100 வீதம் 6,300. ஜப்தி ரத்துக் கட்டணம் 15,000. கூட்டினால் ரூ.46,800. கூட்டல் மட்டும்தான் அந்தத் தாளில் சரி.

ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொள்வோம். நிலைக் கட்டணம் என்ற ஒன்று நம் சிவில் நடைமுறைச் சட்டத்தில் கிடையவே கிடையாது. இங்கிலாந்தில் 2014 விதிகளின்படி வசூல் அதிகாரிகளுக்கு நிலை வாரியாகக் கட்டணம் உண்டு. அங்கிருந்து பார்த்து எழுதினார்களோ, தானாகவே உதித்ததோ தெரியாது. அமீனா வருவதற்கான பேட்டாவை, அதாவது வழிச் செலவை, டிக்ரி வாங்கியவர்தான் கோர்ட்டில் கட்டுவார். கடனாளி தலையில் அது விழுவதென்றால் செலவுத் தொகையாகக் கோர்ட் கணக்கில் ஏறித்தான் விழும், யார் கையிலும் ரொக்கமாகவோ ஜிபே வழியாகவோ அல்ல. ஜப்தி ரத்து என்றால் முதலில் ஒரு ஜப்தி நடந்திருக்க வேண்டும். நடந்திருந்தாலும் டிக்ரித் தொகை, செலவு, ஜப்திச் செலவு எல்லாவற்றையும் கோர்ட்டில் கட்டினால் அது விலகிவிடும். தனியாக ‘ரத்துக் கட்டணம்’ என்று எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, இ.பி.யே போடப்படவில்லை. அதே ஆப்பில் வழக்கு வகையை இ.பி. என்று மாற்றித் தேடினால் ஒன்றும் வரவில்லை. இ.பி. இல்லாமல் வாரண்ட் ஏது, அமீனா ஏது, மூன்று வருகை ஏது? அதோடு டிக்ரி ஆகி இரண்டு வருஷம் தாண்டிவிட்டால், சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 21 ரூல் 22-ன்படி ஏன் நிறைவேற்றக் கூடாது என்று முதலில் நோட்டீஸ் வர வேண்டும். சிறப்புக் காரணத்தைப் பதிவு செய்தால்தான் கோர்ட் அதைத் தாண்ட முடியும். 2021 டிக்ரிக்கு நோட்டீஸே இல்லாமல் வாரண்ட் என்று ஒருவன் ராத்திரியில் வந்து சொன்னால் அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மிரட்டல் இரண்டு. பேசிக்கொண்டே தையல் மெஷினைத் தட்டிப் பார்த்து, “மோட்டார் மெஷினா? இதையும் எழுதிக்குவாங்க” என்றான். செக்ஷன் 60-ன்படி கைத்தொழில் செய்பவரின் கருவி, சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி இவற்றை ஜப்தி செய்ய முடியாது. இரண்டாவது, கைது. பணம் கட்டச் சொல்லும் டிக்ரியில் பெண்ணைக் கைது செய்யவே முடியாது, செக்ஷன் 56. ஆணாக இருந்தாலும் வசதி இருந்தும் கட்ட மறுத்தான் என்பது போன்ற காரணத்தை நிரூபித்தால்தான் சிவில் சிறை. ஏழ்மையால் கட்ட முடியாதவரைச் சிறையில் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. அமீனாவே ஆனாலும் சூரியன் மறைந்த பிறகு ஜப்திக்காகக் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வசூல் ஏஜெண்டுகள் மாலை 7 மணிக்கு மேல் கடனாளிக்குப் போன்கூடப் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இவன் ஏழரைக்கு நேரில் வந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

பணம் போன விதத்தைக் கவனியுங்கள். கியூஆர் அட்டையை எடுத்தான். ஒரு தனிநபரின் பெயர் வந்தது. அக்கா கேட்டதற்கு, “கோர்ட் கணக்குக்கு ஜிபே போகாதும்மா, நான் காலையில சலான் போட்டுக் கட்டிடறேன்” என்றான். அடுத்ததுதான் கைதேர்ந்த வேலை. குறிப்பு என்ற கட்டத்தில் ‘கைமாத்து’ என்று அடிக்கச் சொன்னான், பேங்க்கில் கேள்வி வராது என்று. அக்கா அடித்தாள். இப்போது ரூ.46,800-க்கு இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி, அவனிடம் வாங்கிய கைமாற்றை அக்கா திருப்பிக் கொடுத்தாள் என்று சொல்கிறது. போகிறபோது ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனான். “நிலுவையை ஒப்புக்கொள்கிறேன்” என்று அதில் இருந்ததாக அக்காவுக்கு அரைகுறை ஞாபகம். நகல் தரவில்லை.

டிக்ரிப் பணத்தை எப்படிக் கட்டுவது என்று சட்டமே சொல்கிறது. ஆர்டர் 21 ரூல் 1: கோர்ட்டில் கட்டலாம், அல்லது டிக்ரி வாங்கியவருக்கே மணியார்டர், வங்கி, எழுத்துச் சான்று உள்ள வேறு வழியில் கட்டலாம். வெளியே கட்டினால் ரூல் 2-ன்படி அதைக் கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் சொல்லாவிட்டால் நாம் மனுப் போட வேண்டும், கட்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள். பதிவாகாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட் கண்ணெடுத்தும் பார்க்காது. முழுக் கடனையும் ஏஜெண்ட் கையில் கொடுத்துவிட்டு, மூன்று வருஷம் கழித்து அதே தொகைக்கு ஜப்தி வந்து நிற்பது இப்படித்தான்.

டிக்ரியைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. கடைசிப் பக்கத்தில் செலவுப் பட்டியல் இருக்கும்: பிளைண்ட் (வழக்கு மனு) ஸ்டாம்ப், வக்காலத்து ஸ்டாம்ப், பேட்டா, வக்கீல் பீஸ். இந்த வழக்கின் மதிப்பு 1,86,000. தமிழ்நாட்டில் 2017-லிருந்து கோர்ட் பீஸ் 3 சதவீதம், ஆக 5,580. மற்றதெல்லாம் சேர்த்து மொத்தச் செலவு ரூ.14,260. அவ்வளவுதான். தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி அசலின் மேல் 6 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. அசல் 1,40,000-க்கு வருஷம் 8,400, தனி வட்டி. வியாபாரக் கடன் என்றால் அதிகம் போகலாம், ஆனால் எவ்வளவு என்று டிக்ரியிலேயே இருக்கும். லேமினேட் தாளில் இருக்காது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. புதன்கிழமை அவனே எடுத்தான்: “கட்டிட்டேம்மா, ரசீது வெள்ளிக்கிழமை.” வெள்ளிக்கிழமை: “கோர்ட்ல சர்வர் டவுன், திங்கட்கிழமை.” திங்கட்கிழமை சுவிட்ச் ஆஃப். ஏஜென்சி ஆபீஸில், “அந்தப் பையன் போன மாசமே நின்னுட்டான் சார்.” நின்றுபோனவனுக்கு நம் வழக்கு எண்ணும் புது விலாசமும் யார் கொடுத்தது? பதில் இல்லை. நிதி நிறுவனத்தின் கிளையில் லீகலைக் கேளுங்கள் என்றார்கள். லீகல் என்று கொடுத்த நம்பரில் ஒரு பெண் புகார் எண் சொன்னார், 7 வேலை நாளாம். காவல் நிலையத்தில், “நீங்களாத்தானே அனுப்பினீங்க, கைமாத்துன்னு வேற போட்டிருக்கீங்க, சிவில் மேட்டர்.” ரூ.46,800 எந்த மேஜைக்குப் போனாலும் அடுத்த மேஜையைக் காட்டுகிறது.

இந்த இழுத்தடிப்புக்கு ஒரு லாபக் கணக்கு இருக்கிறது. எக்ஸ் பார்ட்டி டிக்ரியை ரத்து செய்ய ஆர்டர் 9 ரூல் 13-ல் அதே கோர்ட்டில் மனுப் போடலாம். கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் அந்த 30 நாள் டிக்ரி நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து ஓடும். பேப்பர் விளம்பரத்தை இந்தக் கணக்குக்கு முறையாகச் சம்மன் சேர்த்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று லிமிடேஷன் (காலவரம்பு) சட்ட அட்டவணையின் 123-ஆம் ஆர்ட்டிகிளின் விளக்கமே சொல்கிறது. அதாவது 2021 டிக்ரிக்கு இன்றும் வழி இருக்கிறது. ஆனால் அக்காவுக்குத் தெரியவந்த நாள் எது? அவன் ஆப்பைத் திறக்க வைத்த செவ்வாய்க்கிழமை. வெள்ளி, திங்கள் என்று நான்கு வாரம் இழுத்தால் அந்தக் கதவும் மூடும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி அதே லிமிடேஷன் சட்டத்தின் செக்ஷன் 5-ல் மனு போடலாம்தான், ஆனால் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடம்: டிக்ரியின் சான்றிட்ட நகல் வாங்க ஆகும் நாட்கள் அப்பீல் போன்றவற்றுக்குத்தான் கெடுவிலிருந்து கழியும், இந்த மனுவுக்குக் கழியாது. நகல் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. மனுவோடு, சம்மன் போன காலத்தில் நாம் அந்த விலாசத்தில் இல்லை என்பதற்கு வாடகை ஒப்பந்தம், கேஸ் புத்தகம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை ரசீது, எது கிடைக்கிறதோ அது. ரத்து செய்யும்போது ஒரு பகுதியைக் கட்டு என்று கோர்ட் நிபந்தனை போடலாம், அந்தப் பணத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அதைத்தானே இவன் அள்ளிக்கொண்டு போனான்!

விரிவாக வழிமுறை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். நேரமில்லை, அவசரத்துக்கு இவ்வளவு. ஆப்பில் உங்கள் பெயரைப் போட்டு வருஷம் வருஷமாகத் தேடுங்கள். நிலுவை, முடிந்தது இரண்டையும் தேர்ந்தெடுங்கள். இனிஷியல் முன்னால், பின்னால், எழுத்து மாற்றி எல்லாம் போடுங்கள், டைப் அடித்தவர் எப்படி அடித்தாரோ. தனிநபர் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். அவன் சொல்லும் குறிப்பை அடிக்காதீர்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் போய்விட்டால் அதே மணி நேரத்தில் சைபர் மோசடிப் புகார் எண் 1930. நாங்கள் அடித்தது ஆறாம் நாள். நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், ஏஜெண்ட் செய்ததற்கு அவர்கள்தான் பொறுப்பு. 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். பெண் என்றால் வருமான வரம்பே இல்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, உதவி எண் 15100.

இன்று வியாழன். 30-ல் ஒன்பது நாள் போய்விட்டது. ரத்து மனுவும், கொடுத்த பணத்தைப் பதிவு செய்யும் மனுவும் ஒன்றையொன்று முறைக்கும்: ஒன்றில் டிக்ரியே தவறு என்கிறோம், இன்னொன்றில் அதற்குப் பணம் கட்டினேன் என்கிறோம். எதை முதலில் போடுவது என்று வக்கீல் நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறார். காலை பத்து மணிக்குப் பாரிமுனையில் வக்காலத்து. வியாசர்பாடி வீட்டுக்காரரிடம் பழைய வாடகை ஒப்பந்தம் கேட்டிருக்கிறோம், பரணில் தேடிப் பார்க்கிறேன் என்றார்.