தேன் இளக்க எது நல்லது: பட்டை ஹீட்டரா, தண்ணீர்த் தொட்டியா, சூடான காற்றுப் பெட்டியா?

நாலைந்து தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். வாளியில் எடுத்து வைத்த தேன் மொத்தமாக உறைந்து, கரண்டி கூட இறங்காது. தேன் கெட்டுவிடவில்லை, அதிலிருக்கும் குளுக்கோஸ் படிகமாகப் பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். சூடு காட்டினால் இளகும். எப்படிக் காட்டுவது என்பதில்தான் வித்தியாசமெல்லாம் இருக்கிறது.

15 கிலோ தேனை 15 டிகிரி செல்சியஸிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர, படிகம் உருகுவதற்கான வெப்பத்தைச் சேர்க்காமல், கால் யூனிட் மின்சாரம் போதும். 100 வாட் ஹீட்டர் அதை இரண்டரை மணி நேரத்தில் கொடுத்துவிடும். ஆனாலும் வாளி முழுக்க இளக ஒன்றிரண்டு நாள் ஆகிறது. தேன் வெப்பத்தை உள்ளே கடத்துவதில் மகா மந்தம், அதுதான் காரணம். அவசரப்பட்டு வாட்டைக் கூட்டினால் ஓரத்துத் தேன் வெந்துபோகும், நடுவில் கட்டி அப்படியே நிற்கும்.

வெந்தால் என்ன? சர்க்கரை சூட்டில் சிதைவதால் உண்டாகும் ஹெச்எம்எஃப் என்ற பொருள் தேனில் ஏறும், நொதிகள் அழியும். 40 டிகிரியில் ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம் ஹெச்எம்எஃப் சேர ஏறக்குறைய மூன்று வாரமாவது ஆகும். 60 டிகிரியில் ஒன்றிரண்டு நாளே போதும், 70-ல் சில மணி நேரம்தான். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின் வரம்பு பொதுவாக கிலோவுக்கு 40 மில்லிகிராம், வெப்பமண்டலத் தேனுக்கு 80. ஆக, தேன் தொடும் இடம் எதுவும் 45 டிகிரியைத் தாண்டாத அமைப்புதான் நல்ல அமைப்பு. எந்த முறையையும் நான் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் பார்க்கிறேன்.

வாளியைச் சுற்றிக் கட்டும் பட்டை ஹீட்டரை முதலில் எடுத்துக்கொள்வோம். இடம் அடைக்காது, செய்வதும் சுலபம். ஆனால் மேலே சொன்ன கணக்கில் தோற்பது இதுதான். பட்டை ஒட்டியிருக்கும் சுவர்தான் முழுச் சூட்டையும் வாங்கும். சென்சாரை நடுத்தேனில் வைத்தால், நடு 40 ஆகும்வரை பட்டை நிற்காமல் எரியும். சுவரில் வைத்தால் ஓரம் பிழைக்கும், வேலை இழுக்கும். வாட் குறைவான பட்டையாக இருந்து, சென்சாரும் சுவரிலேயே இருந்து, அவ்வப்போது கிளறியும் விட்டால் சமாளிக்கலாம். வேறு வழி இருக்கும்போது நான் இதை எடுக்க மாட்டேன்.

தண்ணீர்த் தொட்டி இதற்கு நேர் எதிர். தண்ணீர் ஜாடியை எல்லாப் பக்கமும் ஒரே சூட்டில் அணைத்துக்கொள்ளும், காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பம் கொடுக்கும். சமையலுக்கு விற்கும் சூ-வீட் கருவி தண்ணீரைச் சுழற்றிக்கொண்டே வெப்பத்தைத் துல்லியமாகப் பிடித்து நிறுத்தும். கையில் அது இருந்தால் தனியாக எதையும் கட்ட வேண்டியதே இல்லை. ஒரு கவலை மட்டும் உண்டு: தேனில் தண்ணீர் சேர்ந்தால் புளித்துப்போகும். மூடி எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். பாட்டில் கணக்கில் இளக்குபவர்களுக்கு இதுவே போதும். 15 கிலோ வாளிக்குத்தான் பெரிய தொட்டி, கனமான தூக்கல் என்று சிரமம்.

வாளிக்குச் சூடான காற்றுப் பெட்டிதான் என் தேர்வு. ஓடாத பழைய ஃப்ரிட்ஜ் கிடைத்தால் நல்லது, சுவரும் கதவும் ஏற்கெனவே வெப்பம் காப்பவை. துளை போடும்போது உள்ளே ஓடும் வாயுக் குழாயில் பட்டுவிடக் கூடாது. தெர்மோகோல் பலகையிலும் பெட்டி கட்டலாம், ஆனால் ஹீட்டரிடமிருந்து அதைத் தள்ளி வைக்க வேண்டும். சூட்டுக்குக் குண்டு பல்பு போட்டவர்கள் நிறைய. பல்பு அணைந்துபோகும், பக்கத்துப் பிளாஸ்டிக்கை நேராகச் சுடும். செடிக் குடில்களில் வைக்கும் நீளமான குழாய் ஹீட்டர் இதைவிட மேல். பரப்பு அதிகம் என்பதால் மேற்பகுதி அவ்வளவு கொதிக்காது. கூடவே ஒரு சின்ன ஃபேன் கட்டாயம், இல்லாவிட்டால் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. வாளியை அடியிலும் காற்று போகும்படி சட்டத்தின் மேல் வையுங்கள்.

சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு வருவோம். இரட்டை உலோகத் தெர்மோஸ்டாட் மலிவு, ஆனால் பல டிகிரி ஏறி இறங்கும். எஸ்டிசி-1000 மாதிரியான டிஜிட்டல் கருவி இந்த வேலைக்குச் சரியான அளவு. ஐஸ் தண்ணீரில் சென்சாரை நனைத்து 0 காட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டை இன்னும் நுணுக்கமாகப் பிடிக்கும் பிஐடி கருவிக்குச் செலவு செய்யத் தேவையில்லை. காற்று ஒரு டிகிரி முன்பின் ஆனால் வாளித் தேனுக்கு அது தெரியவே தெரியாது.

அந்தப் பணத்தை வேறு இடத்தில் போடச் சொல்வேன். கருவிக்குள் ஹீட்டரைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாது. பிஐடி கருவியோடு வரும் எஸ்எஸ்ஆர் என்ற மின்னணு ரிலேயும் பழுதானால் பெரும்பாலும் மின்சாரம் ஓடும் நிலையிலேயே நின்றுவிடும். எனவே சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 72 டிகிரி தெர்மல் ஃப்யூஸ் ஒன்று ஹீட்டருக்குத் தொடராக, உலோக உடலுக்கு எர்த் இணைப்பு, இரண்டும் இல்லாமல் பெட்டியை இரவில் ஓடவிடாதீர்கள். அப்புறம், முதல் ஓட்டத்துக்குத் தேன் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரை வைத்து 40-ல் ஒருநாள் ஓடவிட்டு, மேல் மூலை, கீழ் மூலை, ஹீட்டர் பக்கத்து வாளிச் சுவர் மூன்றையும் அளந்து பாருங்கள். சுவர் 45-ஐத் தாண்டினால் ஹீட்டருக்கும் வாளிக்கும் நடுவே ஒரு தகடு வைத்து மறுபடி அளக்க வேண்டும்.