ஆர்.வி. டேங்க்கில் உப்பு எடுக்கிறேன் என்று வந்தவரிடம் 385 டாலர் கொடுத்த கதை

அரிசோனாவில் பீனிக்ஸ் பக்கம் ஆர்.வி. (உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டி) வைத்திருக்கும் நம்மவர்கள், அதுவும் பழைய வண்டியாக வாங்கி ஸ்டோரேஜ் யார்டில் நிறுத்தி வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். போனது பெரிய தொகை இல்லை. ஏமாந்த விதம்தான் இன்னும் ஆறவில்லை.

எங்களுடையது 26 அடி டிராவல் டிரெய்லர். நல்ல தண்ணீர் டேங்க் 40 காலன், அதாவது சுமார் 150 லிட்டர். ஹீட்டர் 6 காலன், உள்ளே எனாமல் பூசிய எஃகு டேங்க். வாங்கிய ஒரே வருஷத்தில் சிங்க் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிய ஆரம்பித்தது. ஷவரில் பாதித் துளை அடைப்பு. ஹீட்டரைப் போட்டால் உள்ளே சோளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். இந்த ஊர்த் தண்ணீர் அப்படி. கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாயிலும், சால்ட், வெர்டே ஆறுகளிலிருந்தும் வருகிறது. சால்ட் ரிவர் என்றால் நம்ம பாஷையில் உப்பாறு. பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், நாம்தான் கவனிக்கவில்லை. (ஆனால் குழாயில் படிவது சாப்பாட்டு உப்பு இல்லை, சுண்ணாம்பு. நம் ஊரில் இரண்டையும் சேர்த்து ‘உப்புத் தண்ணி’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நான் ஏமாந்ததில் இந்தக் குழப்பத்துக்கும் பங்கு உண்டு.)

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, யார்டில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வரிசையில் ஒரு வெள்ளை வேன். அதிலிருந்து இறங்கி வந்தவர் நல்ல பேச்சுக்காரர். ஆர்.வி. தண்ணீர் அமைப்பைச் சுத்தம் செய்வதுதான் தன் தொழில் என்றார். மடக்கு மேஜையைப் போட்டு, ஒரு பிளாஸ்டிக் கப்பில் என் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டார். 612 என்று காட்டியது. ‘இதைத்தான் உங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள்’ என்று ஒரு போடு போட்டார். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் கொஞ்சம் ஆடித்தான் போவார்கள்.

பேசி முடித்தது இது: டேங்க்கில் மருந்து ஊற்றிச் சுண்ணாம்பை எடுக்க 120 டாலர், அளவு காட்டும் சென்சாரைச் சுத்தம் செய்வது அதிலேயே இலவசம். ஹீட்டரில் ஆனோடு ராடு (டேங்க் அரிக்காமல் காக்கும் உலோகக் கம்பி) புதிதாகப் போட 65. இனிமேல் படியாமல் இருக்கத் தண்ணீர்க் குழாயில் மாட்டும் காந்தம் இரண்டு, 200. ரொக்கமாகக் கொடுத்தால் வரி வேண்டாம் என்றார். அந்த வார்த்தைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். நானோ லாபம் என்று நினைத்து ஏ.டி.எம்.முக்கு ஓடினேன்.

இரண்டு மணி நேரம் வேலை செய்தார். பாதி நேரம் நான் அங்கே இல்லை. திரும்பி வந்தபோது வண்டிக்குள் நீச்சல் குளம் மாதிரி ஒரு வாடை. கேட்டதற்கு, சுண்ணாம்பைக் கரைக்கும் மருந்தின் வாடை என்றார். பிறகு வேனுக்குள் போய் ஒரு கப்பில் தண்ணீர் கொண்டு வந்தார். ‘உங்கள் வண்டிக் குழாயில் இப்போதுதான் பிடித்தேன்’ என்று மீட்டரை விட்டார். 48! எனக்கு வாயெல்லாம் பல். என் குழாயில் பிடித்த தண்ணீர் ஏன் அவருடைய வேனிலிருந்து வருகிறது என்று கேட்க அப்போது தோன்றவே இல்லை. ஐ.டி.யில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். பிறர் எழுதிய கோடில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம்.

மே மாதம் மாமனார், மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். கிராண்ட் கேன்யனுக்குக் கூட்டிப் போனோம். தெற்கு விளிம்பில் மேதர் கேம்ப்கிரவுண்டில் இடம் கிடைத்தது. அங்கே வண்டிக்கு நேராகத் தண்ணீர்க் குழாய் இணைப்பு கிடையாது, டேங்க்கில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதனால் வீட்டிலேயே முழுக்க நிரப்பிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள் காலையிலேயே மாமியார் சொல்லிவிட்டார். ராமநாதபுரம் பக்கத்தில் வளர்ந்தவர், தண்ணீர் விஷயத்தில் அவரிடம் யாரும் கதை விட முடியாது. “மாப்ள, இது நம்ம ஊரு போர் தண்ணியாட்டம்ல இருக்கு. சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது, முடியெல்லாம் சிக்குப் பிடிக்குது.”

“இல்லைங்க அத்தை, இப்பத்தான் சரி பண்ணியிருக்கு, மீட்டரே வெச்சுக் காட்டினாங்க” என்றேன்.

அவர் பதில் பேசவில்லை. கை கழுவிய பேசினைக் காட்டினார். சோப்பு நுரையாக இல்லாமல், தயிர் திரிந்த மாதிரி சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பும் சோப்பும் சேர்ந்தால் அப்படித்தான் திரியும். தண்ணீரின் கடினத்தை, அதாவது அதில் இந்தச் சுண்ணாம்பு எவ்வளவு என்பதை, அளக்க ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்திலேயே சோப்புக் கரைசலைத்தான் பயன்படுத்தினார்கள், எவ்வளவு சோப்புக்கு நுரை நிற்கிறது என்று பார்த்து. நான் மீட்டரை நம்பினேன், அவர் நுரையைப் பார்த்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் டேங்க் விளக்கு மூன்றில் இரண்டு பங்கு இருப்பதாகக் காட்டியது. கிட்டத்தட்ட 26 காலன் இருக்கிறதே என்று மாமியாரைத் தலைக்குக் குளிக்கச் சொன்னோம். ஐந்து நிமிஷத்தில் பம்ப் காற்றை இழுத்துக் ‘கர்’ என்று கத்த ஆரம்பித்தது. உள்ளேயிருந்து, “மாப்ள, தண்ணி நின்னு போச்சு!” தலை முழுக்க ஷாம்பூ. என் மனைவி குடிக்க வைத்திருந்த பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டேங்க்கில் ஒரு சொட்டு இல்லை, விளக்கு மட்டும் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. அந்த சென்சார் என்பது டேங்க் சுவரில் வெவ்வேறு உயரத்தில் செருகிய உலோக முனைகள்தான். தண்ணீர் தொட்டால் மின்சாரம் பாயும், விளக்கு எரியும். முனையைச் சுற்றி ஈரச் சுண்ணாம்புப் படலம் இருந்தால், தண்ணீர் இறங்கிய பிறகும் இருக்கிற மாதிரியே காட்டும். ‘இலவசமாக’ச் சுத்தம் செய்யப்பட்ட சென்சார் இது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஹீட்டரைத் திறந்தேன். கேஸ், கரண்ட் இரண்டையும் நிறுத்தி, ஆறவிட்டு, பம்ப்பை அணைத்து, பிரஷர் வால்வைத் தூக்கிக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் தொட வேண்டும். சூட்டோடு திறந்தால் வெந்நீர் முகத்தில் அடிக்கும். ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமான, 1-1/16 சாக்கெட்டைப் போட்டுத் திருகினேன். வெளியே வந்தது புது ராடா? நடுவில் ஒரு கம்பி, அதன் நுனியில் அரித்துப்போன கொட்டைப்பாக்கு அளவு உலோகம். அவ்வளவுதான். தண்ணீர் எஃகு டேங்க்கை அரிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரைந்து போவதுதான் இந்த ராடின் வேலை. முக்கால்வாசி கரைந்தாலே மாற்றிவிட வேண்டும். என்னுடையது எப்போதோ தீர்ந்து போயிருக்கிறது. 65 டாலர் வாங்கியவர் அந்த நட்டின் மேல் சாக்கெட்டைக்கூட வைக்கவில்லை. நட்டைச் சுற்றியிருந்த பழைய துரு அப்படியே இருந்தது. தண்ணீரோடு சேர்ந்து குருணை அரிசி மாதிரி வெள்ளைத் துணுக்குகள் இரண்டு கை நிறைய வந்தன. சோளம் பொரிந்த சத்தம் இவற்றால்தான். அடியில் படிந்த சுண்ணாம்புக்குக் கீழே சிக்கிய தண்ணீர் கொதித்து வெடிக்கும்போது அப்படிக் கேட்கும்.

அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தேன். வண்டிக்குள் அடித்த அந்த வாடை பிளீச்தான். பிளீச் கிருமியைக் கொல்லும், அதற்கு அது நல்லது, வருஷத்துக்கு ஓரிரு முறை நாமே போடலாம். 15 காலனுக்குக் கால் கப் கணக்கு, ஊறவிட்டு நன்றாக அலசிவிட வேண்டும். ஆனால் சுண்ணாம்பை அது அசைக்கக்கூட அசைக்காது. சுண்ணாம்பு அமிலத்துக்குத்தான் கரையும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கும் எந்த வீட்டிலும் இது தெரியும்.

காந்தமா? சுண்ணாம்பு காந்தத்தில் ஒட்டும் பொருள் இல்லை. படிகத்தின் வடிவம் மாறும், அதனால் ஒட்டாது என்பார்கள். அதை வைத்து நடந்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போவதில்லை. காந்தம் மாட்டினாலும் தண்ணீரின் கடினம் எண்ணிக்கையில் குறையாது, அது உறுதி. அப்படியென்றால் 48 எங்கிருந்து வந்தது? இதைத்தான் எல்லோரும் மனதில் வையுங்கள்: டி.டி.எஸ். மீட்டர் கடினத்தை அளப்பதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எண்ணாகக் காட்டும். கடினத்தைக் குறைக்கும் நிஜமான சாஃப்ட்னர் கருவி போட்டால்கூட கால்சியம் போன இடத்தில் சோடியம் வந்து உட்காரும், மீட்டர் ஏறக்குறைய பழைய எண்ணையே காட்டும். 612ஐ 48 ஆக்க ஆர்.ஓ. மாதிரி ஏதாவது வேண்டும். என் வண்டியில் அது இல்லை. அவர் வேனில் இருந்திருக்கும், அல்லது கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர். சில டாலருக்குக் கிடைக்கும் கடினம் பார்க்கும் காகிதப் பட்டையை வாங்கி என் குழாயில் நனைத்தேன். லிட்டருக்கு 250 மில்லிகிராம் கட்டத்தைத் தாண்டிய நிறம். 180க்கு மேல் போனாலே மிகக் கடின நீர் என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் கணக்கு.

அவருக்குப் போன் போட்டேன். காந்தம் வேலை செய்ய மூன்று மாதம் ஆகும் என்றார். ராடைப் பற்றிக் கேட்டதும் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. கார்டில் கொடுத்திருந்தால் வங்கியில் தகராறு போட்டிருக்கலாம். ரொக்கம், கையெழுத்தில்லாத ஒரு துண்டுச் சீட்டு. அரிசோனா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன், பணம் வரும் என்ற நம்பிக்கையில் இல்லை.

இப்போது நான் செய்வது என்ன என்று நண்பர்கள் கேட்டதால் சொல்கிறேன். குழாய்க்கும் வண்டிக்கும் நடுவே கையில் தூக்கும் சாஃப்ட்னர் ஒன்று வைத்திருக்கிறேன், காந்தத்துக்குக் கொடுத்த காசுக்குக் கொஞ்சம் மேலே ஆனது. 10,000 கிரெயின் அளவு (கிரெயின் என்பது கடினத்தை அளக்கும் ஒரு அலகு). எங்கள் தண்ணீர் காலனுக்கு 16 கிரெயின் என்று வைத்தால் சுமார் 625 காலன் வரும், டேங்க்கைப் பதினைந்து தடவை நிரப்பலாம். தீர்ந்ததும் சாதாரண மேஜை உப்பைப் போட்டு மெதுவாகத் தண்ணீர் விட்டால் திரும்ப வேலை செய்யும். எல்லோரும் மாட்டும் அந்த நீல நிறக் கார்பன் ஃபில்டர் குளோரின் வாடைக்குத்தான், சுண்ணாம்பைத் தடுக்காது. சாஃப்ட்னரில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஆனோடு ராடு இன்னும் சீக்கிரம் கரையும், அதனால் அடிக்கடி பார்க்க வேண்டும். தண்ணீரில் சோடியம் ஏறும் என்பதால், பிரஷருக்கு மாத்திரை சாப்பிடும் மாமனாருக்குக் குடிக்கத் தனிக் கேன்.

ஏற்கெனவே படிந்ததற்கு வெள்ளை வினிகர்தான். டேங்க்கில் பாதித் தண்ணீரோடு இரண்டு காலன் வினிகர் ஊற்றி, வண்டியை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓட்டி அலம்பவிட்டு, ஒரு ராத்திரி வைத்து வடித்தேன். சென்சார் இரண்டாவது தடவைக்கு உண்மை பேச ஆரம்பித்தது. ஹீட்டருக்குத் தனியாக, ராடைக் கழற்றி பிளாஸ்டிக் மூடி போட்டுச் செய்தேன். நாள்கணக்கில் ஊறவிடாதீர்கள், ரப்பர் வாஷர் கெடும். பிளீச் போட்ட டேங்க்கை நன்றாக அலசாமல் வினிகர் ஊற்றவே ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், விளையாட்டில்லை. பயணம் முடிந்ததும் மிச்சத் தண்ணீரை வடித்துவிடுகிறேன். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் நிற்கிற வண்டியில் மிச்சம் வைத்தால், காயக் காயச் சுண்ணாம்புதான் தங்கும்.

போன வாரம் இன்னொரு யார்டில் அதே வேனைப் பார்த்ததாக நண்பர் ஒருவர் சொன்னார். அதே மடக்கு மேஜை, அதே கப். உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் அந்த மேஜை விரிந்தால், இரண்டாவது கப்பை உங்கள் கையாலேயே உங்கள் குழாயில் பிடித்துக் கொடுங்கள். கழற்றிய பழைய ராடை உங்கள் கையில் வாங்கிப் பார்த்த பிறகு காசை எண்ணுங்கள்.